நாள் தள்ளிப்போனால்

அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்று, முத்தியால்பேட்டையில் அமைதியாகக் காலம் கழிக்கலாம் என்றிருக்கும் என்னிடம், ஜுரத்துக்கும் இருமலுக்கும் யோசனை கேட்க வருகிறவர்களைக் காட்டிலும், உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, “சிஸ்டர், நாள் தள்ளிப்போச்சு, வர்றதுக்கு ஒரு மாத்திரை சொல்லுங்க” என்று தணிந்த குரலில் கேட்கும் பெண்களே அதிகம். வரவழைப்பது வேறு, வராத காரணத்தை அறிவது வேறு. மருந்துக் கடையில் வாங்கும் ஹார்மோன் மாத்திரையைச் சில நாட்கள் விழுங்கி நிறுத்தினால் உதிரம் பட்டுவிடுகிறது. பட்டதும் மனம் சமாதானமடைந்துவிடுகிறது. காரணமோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வயது வந்த பெண்ணுக்கு 24 நாளிலிருந்து 38 நாளுக்குள் எப்பொழுது வந்தாலும் அது கிரமமே; சில நாட்கள் முன்பின்னாவதற்காக விசாரப்பட வேண்டியதில்லை. பெரியவளாகி முதல் மூன்று வருஷம் வரையில் 45 நாள் இடைவெளி கூடச் சகஜம். இந்தக் கணக்கையே நம் பெண்கள் வைத்துக்கொள்வதில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் பால் பாக்கெட் நின்ற தேதியும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்திருக்கும். கடைசியாக எப்பொழுது குளித்தாய் என்று கேட்டால் மட்டும், “வில்லியனூர் மாதா கோயில் கொடியேத்தத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி” என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் பஞ்சாங்கம் பார்த்த நாட்கள் உண்டு.

ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவரும், ஆஸ்திரியாவில் க்னாஸ் என்பவரும் 1920-களில் தனித்தனியே கண்டறிந்த ஒரு விஷயம் இங்கே மிகவும் பிரயோஜனப்படும். கருமுட்டை வெளிப்பட்ட பிறகு மாதவிடாய்க்கு ஆகும் காலம் ஏறத்தாழப் பதினான்கு நாள். அது அதிகம் மாறுவதில்லை. நீளுவதெல்லாம் முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய பகுதியே. ஆகையால் தேதி தப்பிய வாரத்தில் என்ன சாப்பிட்டோம், எங்கே போனோம் என்று ஆராய்வதில் அர்த்தமில்லை. அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு வந்துபோன டெங்கு ஜுரத்தையும், வீட்டில் நேர்ந்த துக்கத்தையும், மகள் நீட் தேர்வுக்காக உறக்கத்தையும் உணவையும் குறைத்துக்கொண்ட இரவுகளையும், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டுக்கு மாறியதையும் நினைவுகூர வேண்டும். சரீரம் நெருக்கடியில் இருக்கிறதென்று கண்டால், மூளையின் அடிப்பகுதியிலிருந்து சினைப்பைகளுக்குப் போகும் கட்டளைகள் மந்தமாகிவிடுகின்றன. உணவும் உறக்கமும் திரும்பினால் பெரும்பாலும் தானாகவே சீர்ப்படும். எடையைப் பிடிவாதமாகக் குறைத்து மாதக்கணக்கில் நின்றுவிட்ட பெண்ணுக்கோ எலும்பின் வலு குறையும் என்பதால் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவும் கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகு. தாம்பத்திய உறவுள்ளவள் எவளாயினும், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவளாயினும், நாள் தப்பினால் முதலில் மருந்துக் கடைச் சோதனைப் பட்டையில் காலைச் சிறுநீரைச் சோதித்துவிடுவதே விவேகம். ஆபரேஷனுக்குப் பிறகு கரு தங்குவது அபூர்வம். தங்கினால் கருக்குழாயிலேயே தங்கிவிடும் அபாயம் அதிகம். நாள் தள்ளி, ஒரு பக்கமாக அடிவயிறு வலித்து, தலை சுற்றிச் சிறிது உதிரமும் பட்டால், அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று படுத்திருக்கக் கூடாது.

இப்பொழுது எந்தத் தெருவில் கேட்டாலும் நீர்க்கட்டி என்கிறார்கள். ஸ்டைன், லெவெந்தால் என்ற சிகாகோ மருத்துவர் இருவர் 1935-இல் விவரித்த நிலை இது. ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறுமணிகள் முதிர்ச்சியடையாமல் நின்றுபோன முட்டைப் பைகளேயன்றி, அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகளல்ல. ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுமில்லை. அதிலும் வயதுக்கு வந்து எட்டு வருஷமாகாத பெண்ணுக்கு அந்த ஸ்கேன் தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். நான் ஸ்கேனுக்கு முன் பின்கழுத்தைப் பார்ப்பேன். மடிப்புகளில் வெல்வெட்டுத் துணியைப் போல் தடித்த கருமை படர்ந்திருக்கும். தாயார் அதை அழுக்கென்று எண்ணிப் பயத்தமாவும் பீர்க்கங்காய் நாரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கியிருப்பாள். அது அழுக்கல்ல, ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். அப்படிப்பட்டவளுக்கு முகவாயில் ரோமமும், விடாத பருக்களும், தள்ளித் தள்ளி வரும் மாதவிடாயும் சேர்ந்திருந்தால், ஹார்மோன் பரிசோதனையோடு சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். உடல் பருத்தவள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதம் திரும்பிவிடுகிறது. ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதால், பருமனைக் குறைசொல்லியே அனுப்பிவிடுவது அநியாயம். மூன்று மாதத்துக்கு மேல் உதிரம் படாமலே போனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகலாம். அப்பொழுதுதான் வரவழைக்கும் மாத்திரைக்கு, மருத்துவரின் கையால், நியாயமான இடமுண்டு.

எள்ளுருண்டையும் பப்பாளியும் தின்று பார்க்காத வீடு இல்லை. தின்பதில் தோஷமில்லை, இவற்றால் மாதம் வந்ததென்று நான் நம்பவில்லை, வர வேண்டிய நாள் வந்திருக்கும்.

தள்ளிப்போவதற்கு நாமே காரணமாகிவிட்டு மறந்துபோவதும் உண்டு. சுற்றுவட்டாரத்துச் சுவாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் மாசி மகத்திலும், ஆடியில் கூழ் வார்க்கும்போதும், கிரகப்பிரவேசத்திலும், தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை தாராளமாக விற்பனையாகிறது. விழா முடிந்து கணக்கு குழம்பியதும் வந்து நிற்பவள், விழுங்கிய மாத்திரையைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். கால் நரம்பில் ரத்தம் உறைந்தவர்களும் கல்லீரல் நோயுள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. அவசரக் கருத்தடை மாத்திரையும், அரசு தரும் ‘அந்தரா’ ஊசியும், ‘சாயா’ மாத்திரையும், வாந்திக்குத் தரும் டொம்பெரிடோனும், மனநோய் மருந்துகள் சிலவும் கணக்கைக் கலைப்பவையே. மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தைராய்டு எல்லோரும் அறிந்தது. ஒரு சிறு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அறியாத ஒன்றைச் சொல்கிறேன். பாகூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, எந்நேரமும் சோர்வும் குளிரும் என்று, சித்திரை வெயிலிலும் போர்வையோடு வந்தாள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் ஆறாய்ப் போயிற்றாம். குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை. அதன்பின் மாதமும் திரும்பவில்லை. சுற்றியிருந்தவர்கள் ரத்தமே இல்லை, எங்கிருந்து வரும் என்று சொல்லி வருஷங்களை ஓட்டிவிட்டார்கள். பெரும் ரத்தப்போக்கில் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ரத்தமின்றிப் பட்டுப்போகும் இந்நிலையை ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1937-இல் விவரித்தார். பரிசோதனையில் அதுவே என்று தெரிந்து, ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் தொடங்கியபின், அந்த அம்மாள் போர்வையில்லாமல் வந்தாள். பிரசவத்தில் மிகுதியாக ரத்தம் போய், பாலும் சுரக்காமல், மாதமும் வராதவளைக் கண்டால், இந்த மூன்றையும் ஒரே மூச்சில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாற்பதுகளின் நடுவில் தள்ளித் தள்ளி வருவது நம் நாட்டில் இயற்கை. இங்கே மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46-ஐ ஒட்டியது. நாற்பதுக்கு முன்பே நின்றால் அது இயற்கையென்று விடக் கூடாது. ஓராண்டு நின்றபின் ஒரு துளி பட்டாலும் காட்டிவிட வேண்டும்.

எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனைக்குப் போனாலும், கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போனாலும், தேதி குறித்த காலண்டர் தாளையும், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், லேகிய டப்பா அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மகளோடு போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. “அம்மா, நீங்க போய் சீட்டு பதிஞ்சுட்டு வாங்க” என்று நாங்கள் அனுப்புவது, பெரும்பாலும் சீட்டுக்காக அன்று. அந்தச் சில நிமிஷத்தில் பெண் வாய் திறப்பாள். அது நீங்கள் பயப்படுகிற விஷயமாகத்தான் இருக்கும் என்பதில்லை, ராத்திரிச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டு வந்ததைக்கூட எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.