மதிப்பெண் குறைந்தாலும் பிள்ளை தயங்காமல் வீடு வர வேண்டும்



விடைத்தாள் கொடுக்கும் நாட்களில் நம் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சிதான். பள்ளிவிட்டு வந்த பிள்ளை பையை வைத்துவிட்டு நேரே மாடிக்குப் போகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறது. இரவில் வளைகுடாவிலிருந்து அத்தா வீடியோ காலில் வந்ததும் முதல் கேள்வி, "கணக்குல எவ்வளவு?" என்பதுதான். பிள்ளை பதில் சொல்லாது. அத்தா அம்மாவைத் திட்டுவார், அம்மா பிள்ளையைத் திட்டுவார். விடைத்தாள் புத்தகத்துக்குள் மடிந்தே கிடக்கும்.

இதைப் பொய் என்று மட்டும் பார்க்கிறோம். அதற்குள் இருப்பது பயம். கெட்ட செய்தியோடு வீட்டுக்குள் வர முடியாது என்று பிள்ளை நினைத்துவிட்டால், அதற்கு உதவி செய்யும் வாய்ப்பையே நாம் இழந்துவிடுகிறோம்.

கும்பகோணத்தில் நடந்தது

கணித மேதை ராமானுஜனை நாம் எல்லோரும் அறிவோம். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பரிசுகள் வாங்கியவர். 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தையே நினைத்துக்கொண்டு மற்ற பாடங்களை விட்டுவிட்டதால் தேர்வில் தவறி, உதவித்தொகையும் போனது. 1905-இல், 17 வயதில், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் தேடித் தவித்தார்கள். பிறகு சென்னையில் சேர்ந்து படித்தபோதும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. 1914-இல் கேம்பிரிட்ஜ் போனதும், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதும் அதற்குப் பின்னால்தான்.

தேர்வில் தவறிய பிள்ளையெல்லாம் மேதையாகும் என்று இதைச் சொல்லவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரு தோல்வி தாங்க முடியாததாகிவிடும். அந்த நேரத்தில் பிள்ளைக்கு முதலில் தேவை வீடுதான்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

விளைச்சல் கூடட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் சம்பா தளதளவென்று வளரும். பூச்சியும் சேர்ந்து வரும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம், நீட் பயிற்சி என்று அளவுக்கு மேல் சுமத்தினால் பிள்ளையும் அப்படித்தான்.

தூக்கம் கெடுவது, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வயிற்றுவலி அல்லது தலைவலி வருவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, பிடித்த விளையாட்டையும் விடுவது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கேள்வியின் வரிசையை மாற்றுங்கள். "சாப்பிட்டியா? இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்பது முதலில். மதிப்பெண் பற்றிப் பிறகு பேசலாம். வெளிநாட்டில் இருக்கும் அத்தாமார்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறோம்.

2. எந்த இடத்தில் சிக்கல் என்று கேளுங்கள். "கணக்கு வரவில்லை" என்பது பெரிய மலை. எந்தப் பாடம், எந்த வகைக் கணக்கு என்று பிரித்துவிட்டால் ஒரு வாரத்து வேலையாகச் சுருங்கிவிடும். ஆசிரியரையும் போய்ப் பாருங்கள்.

3. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். 2025-இல் ரமலானும் பிளஸ் டூ தேர்வும் மார்ச் தொடக்கத்தில் ஒன்றாகவே வந்தன. தராவீஹ் முடிந்து நள்ளிரவு வரை படித்து, சஹருக்கு எழுந்து, தேர்வுக்கு ஓடிய பிள்ளைகளைப் பார்த்தோம். அத்தகைய நாட்களில் இரவில் சீக்கிரம் படுத்து, சஹருக்குப் பின் படித்து, மதியம் சற்றுத் தூங்கும்படி நேரத்தை வகுத்துக் கொடுங்கள்.

4. மற்ற வழிகளைத் தேர்வுக்கு முன்பே சொல்லி வையுங்கள். தவறினால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. உண்டு. முடிவு வந்தபின் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். முன்பே சொன்னால் தைரியம் வரும்.

நம் பங்கு

பொதுத் தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தவில்லை. பள்ளிவாசல் தெருவில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் படத்தை ஃப்ளெக்ஸில் போடுகிறோம், வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகும் பிள்ளையை நினைத்துப் பார்த்தோமா? பாராட்டு வேண்டியதுதான். தவறிய பிள்ளையின் வீட்டுக்கும் அதே வாரத்தில் ஒருவர் போய்த் துணைத் தேர்வுக்கு வழி சொல்வதும் நம் கடமையே.

உடனே செய்ய வேண்டியது

"நான் இருந்து என்ன பயன்", "செத்துடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், சும்மா சொல்கிறது என்று விடாதீர்கள். அந்த நேரத்தில் ஹராம், பாவம் என்ற உபதேசமும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 14416 (டெலி மானஸ்) அல்லது 104 எண்ணுக்கு அழைத்தால் தமிழில் பேசலாம்; கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பது போலத்தான் இதுவும். துஆவும் செய்வோம், மருத்துவமும் செய்வோம்.

இன்று இரவு இஷாவுக்குப் பிறகு கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளையிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள்: "எவ்வளவு மார்க் வந்தாலும் நேரா வீட்டுக்கு வா. நாம சேர்ந்து பார்த்துக்கலாம்."

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உள்ளத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.