எந்திரமும் செலவும்

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை, மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிச் செல்கின்றது. உப்பளத்தில் பாத்தி பெரிதாயின் அதனை நிரப்பும் உவர்நீரும் மிகுதியாக வேண்டும். அச்சாலையில் விரையும் ஸ்போர்ட்ஸ் கார்களின் எந்திரமும் அத்தகையதே. உருளையின் கொள்ளளவு கூடினால், அஃது உள்ளிழுக்கும் காற்று கூடும். 1 பங்கு பெட்ரோல் செவ்வனே எரிய, எடையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. ஆதலின், காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகும்.

காப்பீடும் அவ்வாறே. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 1000 கன செ.மீ.க்கு மேற்படாத காருக்கு ஆண்டிற்கு 2,094 ரூபாய். 1500 கன செ.மீ.ஐக் கடந்த காருக்கோ 7,897 ரூபாய். வண்டி கொட்டகையில் நின்றாலும் இச்செலவு நிற்பதில்லை.

வாங்கும் விலை ஒருமுறையோடு தீரும். ஓட்டும் செலவு ஆண்டுதோறும் தொடரும். எந்திரத்தின் ஆற்றலோடு தம் வருவாயையும் எண்ணி வாங்குதலே அறிவுடைமையாகும்.