வரப்புக்கு அந்தப் பக்கம் இழப்பீடு, இந்தப் பக்கம் இல்லை: ஏன்?
பயிர்க் காப்பீட்டுக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

இரண்டு வயல்கள். நடுவில் ஒரு வரப்புதான். அந்தப் பக்க வயல்காரருக்கு வங்கியிலிருந்து இழப்பீடு வந்ததாக எஸ்.எம்.எஸ். வருது. இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் வரலை. "ஒரே மழை, ஒரே வெள்ளம், எனக்கு மட்டும் ஏன் இல்லை?" கிராமசபையிலும் குறைதீர் கூட்டத்திலும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

விடை பெரும்பாலும் ஒரு கணக்கில்தான் இருக்கிறது. கூட்டல், வகுத்தல், சதவீதம் தெரிந்தால் போதும், அந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். மொபைலில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை

2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் முக்கியமாகப் பகுதி அடிப்படையில் இயங்குகிறது. உங்கள் ஒரு வயலின் விளைச்சல் இங்கே அளவுகோல் கிடையாது. அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலைத்தான் பார்ப்பார்கள். நெல் போன்ற முக்கியப் பயிர்களுக்கு இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரு கிராமம். அதனால் வரப்புக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு வருவாய் கிராமமாக இருந்தால் கணக்கும் வேறு, முடிவும் வேறு.

கணக்கு 1: உத்தரவாத மகசூல்

ஒரு கிராமத்தின் 7 வருட சராசரி நெல் விளைச்சல் (ஏக்கருக்குக் கிலோவில்) இப்படி இருந்ததாக வைத்துக்கொள்வோம். இவை உதாரணத்துக்கான எண்கள் மட்டுமே.

2,100 – 2,300 – 1,200 – 2,200 – 2,400 – 900 – 2,000

இதில் சிறந்த 5 வருடங்களை மட்டும் எடுக்க வேண்டும். 1,200-ம் 900-மும் கழிந்துவிடும். மீதியின் கூட்டுத்தொகை 11,000. அதை 5-ஆல் வகுத்தால் 2,200.

இதை அப்பகுதிக்கான இழப்பீட்டு அளவால் பெருக்க வேண்டும். இது 70, 80, 90 என்ற மூன்று சதவீதங்களில் ஒன்றாக இருக்கும். நாம் 80 சதவீதம் என எடுத்தால், 2,200-ல் 80 சதவீதம் = 1,760 கிலோ. இதுதான் உத்தரவாத மகசூல்.

கணக்கு 2: இழப்பீடு

இந்த வருடம் அறுவடைச் சோதனையில் கிராமத்தின் சராசரி 1,320 கிலோ என்று வந்தது. பற்றாக்குறை 440 கிலோ. 440-ஐ 1,760-ஆல் வகுத்தால் 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு ரூ.36,000 என்றால், இழப்பீடு ரூ.9,000.

இப்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இந்தக் கிராமத்தில் ஒருவர் வயலில் 2,000 கிலோ விளைந்திருந்தாலும், காப்பீடு செய்திருந்தால் அவருக்கும் ரூ.9,000 உண்டு. ஆனால் பக்கத்துக் கிராமத்துக்கும் உத்தரவாத மகசூல் அதே 1,760-ஆக இருந்து, அதன் சராசரி 1,800-ஆக வந்துவிட்டால், அங்கே 600 கிலோ மட்டுமே எடுத்தவருக்குக்கூட இந்தக் கணக்கில் ஒன்றும் கிடைக்காது. உண்மையான நஷ்டத்துக்கும் கிடைக்கும் தொகைக்கும் நடுவே விழும் இந்த இடைவெளிதான் பகுதி அடிப்படைக் காப்பீட்டின் பெரிய சிக்கல்.

கணக்கு 3: பிரீமியம் யார் போடும் கணக்கு?

பிரீமியத்தை நிர்ணயிக்கும் கணித வல்லுநருக்கு 'ஆக்சுவரி' என்று பெயர். பழைய தரவுகளை வைத்து, வரப்போகும் நஷ்டம் எவ்வளவு இருக்கலாம் என்று கணிப்பது இவர் வேலை. அவர் போடும் கணக்கின் எளிய வடிவம் இது:

• மேலே சொன்ன 7 வருடங்களிலும் இதே காப்பீடு இருந்திருந்தால் எத்தனை முறை பணம் கொடுத்திருக்க வேண்டும்? 1,200 கிலோ வந்த வருடமும் 900 கிலோ வந்த வருடமும், ஆக 2 முறை.
• முதல் வருடத்துக்குச் சுமார் ரூ.11,455, அடுத்ததற்குச் சுமார் ரூ.17,591. மொத்தம் ரூ.29,046.
• 7 வருடங்களுக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் ரூ.4,150. காப்பீட்டுத் தொகையில் ஏறக்குறைய 11.5 சதவீதம்.

இதோடு நிர்வாகச் செலவும் எதிர்பாராத பேரிழப்புக்கான ஒதுக்கீடும் சேரும். ஆனால் விவசாயி கட்டுவது காரீப் உணவு தானியப் பயிர்களுக்கு அதிகபட்சம் 2 சதவீதம், ராபி பயிர்களுக்கு 1.5 சதவீதம், வருடாந்திர வணிகப் பயிர்கள் மற்றும் தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம்தான். ரூ.36,000-க்கு 1.5 சதவீதம் என்றால் ரூ.540. மீதியை மத்திய, மாநில அரசுகள் மானியமாகச் செலுத்துகின்றன.

7 வருடத் தரவு போதுமா?

இங்கேதான் ஆராய்ச்சி தேவைப்படுகிறது. 20 வருடத்துக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் இந்த 7 வருடத்தில் வராமலே போயிருக்கலாம். அப்போது பிரீமியம் குறைவாக வரும், அடுத்த வெள்ளத்தில் கணக்கு தவறிவிடும். அந்த வெள்ளம் இந்த 7 வருடத்துக்குள் வந்திருந்தாலோ, பிரீமியம் தேவைக்கு மேல் ஏறிவிடும். மழையின் போக்கே மாறிவரும் காலத்தில், பழைய வருடங்களை மட்டும் பார்த்து வருங்காலத்தைச் சொல்வது இன்னும் கடினம்.

இரண்டாவது சிக்கல், அளவிடுவது. ஒரு கிராமத்துக்கு ஒரு முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 அறுவடைச் சோதனைகள். நெல்லுக்குப் பொதுவாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த 4 துண்டு நிலம்தான் மொத்தக் கிராமத்துக்கும் பேசுகிறது! எந்த வயல் தேர்வாகிறது என்பதில் சிறு பிழை நடந்தாலும் எல்லோருடைய இழப்பீடும் மாறிவிடும்.

இதைச் சரிசெய்யும் ஆராய்ச்சிகளுக்கு நிதியும் வருகிறது. சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமையின் நிதியில் நடந்த 'ரைஸ்' திட்டத்தில், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பங்கெடுத்தது. ரேடார் செயற்கைக்கோள் படங்களிலிருந்து நெல் பரப்பையும் விளைச்சலையும் கணிக்கும் வேலை அது. ஏன் ரேடார்? வடகிழக்குப் பருவமழை நேரத்தில் டெல்டா வானம் மேகமாகவே இருக்கும். சாதாரணக் கேமராவுக்கு வயல் தெரியாது, ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும்.

2025 ஜனவரி 1 அன்று மத்திய அமைச்சரவை, பயிர்க் காப்பீட்டுக்கான புத்தாக்க, தொழில்நுட்ப நிதியாக ரூ.824.77 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. தொலையுணர்வு மூலம் விளைச்சலைக் கணிக்கும் 'யெஸ்-டெக்', வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களையும் ஊராட்சி அளவில் மழைமானிகளையும் அமைக்கும் 'விண்ட்ஸ்', ஆய்வு மற்றும் மேம்பாட்டுப் பணிகள் ஆகியவற்றுக்கானது இந்த நிதி. அளவு துல்லியமாக ஆக, வரப்புக்கு இரண்டு பக்கமும் நியாயம் நெருங்கி வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது

✔ பதிவு: 2020 காரீப் முதல் இத்திட்டத்தில் சேருவது எல்லோருக்கும் விருப்பத்தின் பேரில்தான். பயிர்க் கடன் வாங்காதவர்கள் பொது சேவை மையம், வங்கி, கூட்டுறவுச் சங்கம் மூலம் பதியலாம். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்கள் கையில் இருக்கட்டும்.

✔ ரசீதைப் படியுங்கள்: கிராமத்தின் பெயர், சர்வே எண், பயிர், பரப்பு, வங்கிக் கணக்கு எண் ஆகிய ஐந்தையும் மையத்தை விட்டு வருவதற்குள் சரிபாருங்கள். கிராமத்தின் பெயர் மாறினால் கணக்கே மாறிவிடும்.

✔ 72 மணி நேரம்: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற உள்ளூர்ப் பேரிடர்களுக்குத் தனி வயல் அளவில் கணக்கெடுப்பு உண்டு. அறுவடை முடிந்து வயலில் காயப் போட்ட பயிர் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ சேதமானால் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. இரண்டுக்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் தரணும். உதவி எண் 14447. தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். உங்கள் பயிருக்கு எந்தெந்த இடர்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை அந்தப் பருவ அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

✔ சோதனை நாளில் வயலுக்குப் போங்க: உங்கள் ஊரில் எந்த வயலில், எந்த நாளில் அறுவடைச் சோதனை என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். அளப்பதையும் எடை போடுவதையும் நேரில் பாருங்கள்.

வீட்டில் கணக்கில் கெட்டிக்கார பிள்ளை இருக்கா? பிளஸ் 2 முடித்ததும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்தும் 'ஏசெட்' நுழைவுத் தேர்வை எழுதலாம். வயலை அறிந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், 7 வருட எண்களுக்குப் பின்னால் இருக்கும் ஊரும் அவருக்குத் தெரியும்.