தொட்டி மண்ணுக்கு உயிரூட்ட

காய்கறித் தோலை மட்டும் போட்டு மூடினால் மக்காது, அழுகி நாறும். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு சேருங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. வாரம் ஒருமுறை கிளறுங்கள். கறுத்து, சூடு தணிந்து, மண்வாசனை வந்த பிறகே செடிக்கு இடலாம்.

வேரழுகல் தொல்லை உள்ளவர்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடி நல்ல துணை. நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் பூஞ்சை இது. பத்து கிலோ மக்கிய தொழு உரத்தில் 100 கிராம் கலந்து, லேசாக ஈரமாக்கி, நிழலில் சாக்கால் மூடி ஒரு வாரம் வைத்திருந்து போடுங்கள். கூடவே பூஞ்சைக்கொல்லியும் ஊற்றினால் காசுதான் வீண்!

‘வேம்’ எனப்படும் வேர்ப் பூஞ்சை, மண்ணிலுள்ள மணிச்சத்தை வேருக்கு எடுத்துத் தரும். மேலே தூவிப் பயனில்லை. நாற்று நடும் குழியில், வேரில் படும்படி இடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு உதவும். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகின் வேர்கள் இதோடு சேராது. கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் அவற்றுக்காக வாங்காதீர்கள். இட்ட பிறகு டிஏபியை அள்ளிப் போட்டாலும் இந்தப் பூஞ்சை சரியாக வளராது.

வெயில் காலத்தில் தொட்டி மண்மேல் இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல்.