சுவர்க்கோழிப் பெட்டியைக் கவனி, தம்பி



பியர்டட் டிராகன் எனும் தாடி ஓணானை வளர்க்கத் தொடங்குபவர்கள் கண்ணாடித் தொட்டியையும் புற ஊதா விளக்கையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அதற்கு இரையாகப் போகும் சுவர்க்கோழிகளோ ஏதோ ஒரு டப்பாவில் அரைப்பட்டினியாகக் கிடக்கின்றன. ஓணானின் எலும்பு உறுதிப்படுவதும் வளைவதும் பெருமளவு அந்த டப்பாவில்தான் முடிவாகிறது.

சுவர்க்கோழியின் உடலில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஓணானுக்குத் தேவை நேர்மாறு: பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் கால்சியம் 1 முதல் 2 பங்கு. இந்தக் கணக்கு நெடுநாள் தவறினால் தாடை இளகும், கால் வளையும். ஆகவே இரையாக வைப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பிருந்தே பூச்சிகளுக்குக் கால்சியம் கூட்டிய தீனி கொடு. கால்சியம் பொடியில் புரட்டுவதும் வேண்டும். ஆனால் பூச்சி தன் உடலைத் துடைத்துப் பொடியை உதிர்த்துவிடும். அதை மட்டும் நம்பாதே.

பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸ் சூடு, வலையிட்ட மூடி, நிமிர்த்தி நிறுத்திய முட்டை அட்டைகள் போதும். தண்ணீர்க் கிண்ணத்தில் சுவர்க்கோழிகள் மூழ்கிச் சாகும். கேரட் துண்டே தாகம் தீர்க்கும். ஈரமான தென்னை நார்த்தூளில் முட்டையிட விடு. இந்தச் சூட்டில் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும்.

ஒரே இனத்தை மட்டும் வளர்ப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டுச் சுவர்க்கோழியைக் கொல்லும் டென்சோ வைரஸ், ஐரோப்பியப் பண்ணைகளை முன்பே சூறையாடியது. 2010 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகளிலும் அது புகுந்தது. பூச்சிகள் மல்லாந்து விழுந்து, கால் உதறிக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சில பண்ணைகள் மூடப்பட்டன. வேறு சுவர்க்கோழி இனங்களுக்கு மாறியவர்கள் தப்பினார்கள். உன் பெட்டியில் இந்த அறிகுறி தெரிந்தால் அட்டைகளைக் கழித்துவிடு. அதில் பயன்படுத்திய கரண்டியையும் கிண்ணத்தையும் அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோகாதே.

இரண்டாம் இனமாக டுபியா கரப்பான் மிகவும் ஏற்றது. வழுவழுப்பான சுவரில் அதனால் ஏற முடியாது, சத்தமும் போடாது, குட்டிகளாகவே ஈனும். பெருக மட்டும் மாதக்கணக்கில் ஆகும்.

பற்றாக்குறை வந்தாலும் தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுக்காதே. பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். அதைவிடக் கொடியது மின்மினி: அதன் உடலில் நஞ்சு இருக்கிறது. ஒரே ஒரு மின்மினியைத் தின்றாலே போதும், தாடி ஓணான் செத்துவிடும். எனவே பற்றாக்குறை வராமலிருக்க டுபியா பெட்டியை இந்த வாரமே தொடங்கிவிடு, தம்பி.