நோன்பு நேரமும் நம் மலையும்

கொழும்பிலோ புத்தளத்திலோ உறவினர் வீட்டில் தங்கியிருந்துவிட்டு தெமோதரைக்குத் திரும்பியிருக்கிறீர்களா? அங்கிருந்து கொண்டுவந்த நோன்பு நேர அட்டையை இங்கே பயன்படுத்த வேண்டாம். பதுளை கிழக்கே இருப்பதால் சூரியன் இங்கே ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்தியே உதித்து, முந்தியே மறைகிறது. மாலையில் ஐந்து நிமிடம் பிந்தி நோன்பு திறந்தால் பெரிய பாதிப்பில்லை. சஹரில் அப்படியல்ல. கொழும்பு நேரத்தைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இங்கே சுபஹ் நேரம் வந்துவிட்டிருக்கும்.

பதுளை மாவட்டத்துக்கான அட்டையைப் பள்ளிவாசலில் கேட்டு வாங்குங்கள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் நோன்பு திறப்பதும் தவறு. பள்ளத்தாக்கில் வெயில் மறைந்து சற்று நேரம் கழிந்த பிறகுதான் மஃரிப் வரும்.

பருவத்தால் நேரம் மாறாதா? மாறும், ஆனால் நம் நாட்டில் மிகக் குறைவு. டிசம்பர் மாதப் பகலுக்கும் ஜூன் மாதப் பகலுக்கும் முக்கால் மணித்தியாலம்தான் வித்தியாசம். எந்த மாதம் வந்தாலும் நோன்பு ஏறத்தாழ 13 முதல் 14 மணித்தியாலம்வரைதான் இருக்கும். குவைத்தில் வேலை செய்யும் உங்கள் மகளுக்கு ஜூனில் அது 15 மணித்தியாலத்தைத் தாண்டும், லண்டனில் 18. கோடையில் சூரியனே மறையாத வட நோர்வேயில் சிலர் மக்கா நேரத்தையும், சிலர் அருகிலுள்ள நகரத்தின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

நமக்குப் பகலின் நீளத்தைவிட மழைதான் கவலை. சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள். அதனால் ரமழான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. 2027இல் பெப்ரவரியில் வரும். 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மறுமுறையும் தொடங்கும். அதாவது ஊவாவில் மழை கொட்டும், மண்சரிவு நிகழும் மாதங்களுக்குள் போகிறது. தராவீஹ் தொழுகைக்கு இரவில் சரிவுப் பாதையில் நடப்பதும், சஹருக்காக விடியுமுன் அடுப்பு மூட்டுவதும் அந்த மாதங்களில்தான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை இருக்கும் இரவுகளில் தராவீஹை வீட்டிலேயே தொழலாம், அது தடையில்லை. வெளியேறச் சொன்னால் சஹர் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோயாளிகளும் பயணத்தில் இருப்பவர்களும் நோன்பை விட்டுப் பின்னர் கழா செய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு; உங்கள் நிலைமைக்கு அது பொருந்துமா என்று மௌலவியிடம் கேளுங்கள். பக்கத்து லயத்தில் இருப்பவர்கள் இந்துக்களாக இருந்தாலும், நீங்கள் விழித்திருக்கும் நேரம் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். விடியுமுன் எழும் வீடுதான் மண் சரியும் சத்தத்தை முதலில் கேட்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.