கூட்டிலிருந்து விலகிய நாடு: பிரிட்டன் தரும் வணிகப் பாடம்



கூட்டு வியாபாரம் பிரியும்போது என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த விஷயம். பங்காளிகள் கணக்கைப் பிரித்துக்கொள்வார்கள், புதுப் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். கடனுக்குச் சரக்கு கொடுத்தவர், கடையில் வேலை பார்த்த பையன்கள், வாடிக்கையாக வாங்கியவர்கள் ஆகியோர் பாடு என்ன என்பதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஒரு நாடே தன் வணிகக் கூட்டிலிருந்து பிரிந்தபோதும் ஏறக்குறைய இதுவேதான் நடந்தது. ஐரோப்பியக் கூட்டிலிருந்து பிரிட்டன் விலகிய கதையை நமது தொழில் கண்ணோட்டத்தில் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. கூட்டு என்றால் என்ன?

பிரிட்டன் 1973 ஜனவரி 1-ஆம் தேதி ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதுவே 1993-ல் ஐரோப்பிய ஒன்றியம் என்ற பெயரில் விரிவடைந்தது. இந்தக் கூட்டில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. இரண்டையும் தனித்தனியே புரிந்துகொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

முதலாவது, சுங்கக் கூட்டு. உறுப்பு நாடுகளுக்குள் சரக்கு போக வர சுங்க வரி கிடையாது. வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா நாடுகளும் ஒரே வரி. ராட்டர்டாம் துறைமுகத்தில் ஒருமுறை வரி கட்டி இறக்கிய சரக்கு, பிரிட்டன் கூட்டில் இருந்தவரை பாரிசுக்கோ லண்டனுக்கோ மறு வரி இல்லாமல் போனது.

இரண்டாவது, ஒற்றைச் சந்தை. சுகாதார விதி, லேபிள் விதி, தர விதி எல்லாம் எல்லோருக்கும் பொது. சரக்கைப் போலவே பணமும், சேவைத் தொழிலும், ஆட்களும் தடையின்றிப் போய் வரலாம். பிரிட்டன் கூட்டில் இருந்தவரை போலந்துக்காரர் ஒருவர் விசா இல்லாமல் லண்டனில் இறங்கி மறுநாளே வேலையில் சேர முடிந்தது.

நமக்கு இது எளிதில் புரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் மாநில எல்லைச் செக்போஸ்டுகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றதை நாம் பார்த்தவர்கள். இருந்த செக்போஸ்டை எடுப்பது ஒரு வகை மாற்றம். பல ஆண்டுகளாகத் தடையில்லாமல் ஓடிய பாதையில் புதிதாகச் செக்போஸ்ட் போடுவது அதற்கு நேர் எதிரானது. பிரிட்டன் செய்தது இரண்டாவது.

2. ஏன் விலகினார்கள்?

2004 மே 1-ஆம் தேதி பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை கிழக்கு ஐரோப்பிய நாடுகள். அவர்களுக்கு உடனே வேலைக் கதவைத் திறந்துவிட்டவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் ஆகிய மூன்று மட்டுமே. ஆட்கள் திரளாக வந்தார்கள். காய்கறித் தோட்டம், இறைச்சிக் கூடம், சரக்குக் கிடங்கு, ஓட்டல் ஆகியவற்றில் வேலை பார்த்தார்கள். முதலாளிகளுக்கு ஆள் கிடைத்தது. உள்ளூர்க்காரர்களோ, வாடகை ஏறுகிறது, கூலி ஏறவில்லை, பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் கூட்டம் என்று முறையிட்டார்கள். நம் சட்டத்தைப் பிரஸ்ஸல்சில் எழுதுவதா என்ற மனக்குறையும் சேர்ந்துகொண்டது.

2016 ஜூன் 23-ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு நடந்தது. விலகுவோம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருப்போம் என்றவர்கள் 48.1 சதவீதம். காய்கறி விளையும் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் நிறையப் பேர் வந்து சேர்ந்த ஊர் அது. நாட்டிலேயே மிக அதிகமாக, நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விலகலுக்கு வாக்களித்ததும் அந்த ஊர்தான்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வசித்த இந்தியர், இலங்கையர் போன்ற காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இருந்தது. இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ ஓட்டு இல்லை. யாருடைய வாழ்க்கை மாறப் போகிறதோ, அவரைக் கேட்காமலே கணக்கு முடிந்தது.

3. சரக்குக்கு என்ன ஆயிற்று?

முடிவு வெளியான அன்றே பவுண்டின் மதிப்பு முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. உணவுப் பொருளில் பெரும் பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் நாணயம் சரிந்தால் கொள்முதல் விலை ஏறும் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிரிட்டன் முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31. பழைய விதிகள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தன. டிசம்பர் 24-ஆம் தேதிதான் புது ஒப்பந்தம் முடிவாயிற்று. இரு தரப்புச் சரக்குக்கும் சுங்க வரி இல்லை என்றார்கள். வரி இல்லை என்றதும் பலர் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் சிக்கல் காகிதத்தில் இருந்தது.

சுங்கப் படிவம் வேண்டும். இறைச்சி, பால் பொருட்களுக்குக் கால்நடை மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும். அதற்கும் மேலாக, சரக்கு எங்கே விளைந்தது, எங்கே தயாரானது என்று நிரூபிக்க வேண்டும். பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ தயாரானால்தான் வரி விலக்கு. வேறு நாட்டுச் சரக்கை லண்டனில் இறக்கி, மூட்டை பிரித்துப் பொட்டலம் கட்டி அயர்லாந்துக்கு அனுப்பினால் அது பிரிட்டன் சரக்கு ஆகாது. ஜெர்மனியில் தயாரான மிட்டாயை பிரிட்டனுக்கு வரவழைத்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைக்கு அனுப்பினால் வரி கட்ட வேண்டிவரும் என்று மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனமே 2021 ஜனவரியில் எடுத்துக் காட்டியது. கூட்டுக்குள்ளே தயாரான பொருள் என்றாலும், வெளியே போய்த் திரும்பினால் அதன் கதி இதுதான்.

இறக்குமதிச் சோதனைகளைப் பிரிட்டன் பலமுறை தள்ளிப்போட்டது. கடைசியில் 2024 ஏப்ரல் 30 முதல் இறைச்சி, பால் பொருள், செடிகள் போன்றவற்றுக்கு நேரடிச் சோதனை தொடங்கியது. முக்கியமான ஒரு வழியில் வரும் சரக்குக்கு ஒவ்வொரு இனத்துக்கும் 10 அல்லது 29 பவுண்டு, ஒரு லோடுக்கு அதிகபட்சம் 145 பவுண்டு என்று கட்டணமும் விதித்தார்கள். சிறிய உணவுக் கடைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து சீஸும் இறைச்சியும் வரவழைப்பவர்களுக்கு இது பெரிய சுமை. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள் கணக்குப்படி, 2021 முடிய இரண்டு ஆண்டுகளில் புது வர்த்தகத் தடைகளால் மட்டும் ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு சராசரியாக 210 பவுண்டு கூடியது.

4. யார் தாங்கினார்கள்? யாரால் தாங்க முடியவில்லை?

நமது அங்கத்தினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது.

ஒரு லாரி முழுக்க ஒரே சரக்கு அனுப்புபவருக்கு ஒரே படிவம் போதும். அதைப் பார்க்கத் தனி அலுவலரையே அவர் வைத்துக்கொள்வார். பத்து வியாபாரிகளின் சில்லறைச் சரக்கு சேர்ந்து போகும் லாரியில் ஒருவருடைய படிவத்தில் தவறு இருந்தாலும் மொத்த லாரியும் நிற்கும். அழுகும் சரக்காக இருந்தால் நஷ்டம் பத்துப் பேருக்கும். படிவச் செலவு லோடு சிறிதா பெரிதா என்று பார்ப்பதில்லை. ஆயிரம் பெட்டிக்குப் பிரித்தால் காசுக் கணக்கு, பத்துப் பெட்டிக்குப் பிரித்தால் லாபமே போய்விடும்.

இதை ஆய்வும் உறுதி செய்கிறது. அதே லண்டன் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கில், சுமார் 16,400 நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதையே விட்டுவிட்டன. பெரும்பாலும் சிறியவர்கள். பெரிய நிறுவனங்கள் சமாளித்துக்கொண்டன.

நாடு முழுவதற்கும் பார்த்தால், பிரிட்டன் அரசின் வரவு செலவுக் கணிப்பு அலுவலகம் நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. விலகாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ, அதைவிட 4 சதவீதம் குறைவு என்று இதைப் படிக்க வேண்டும். இது ஒரே நாளில் தெரியும் நஷ்டம் அல்ல. எலி மூட்டையை அரிப்பதுபோல ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் போவது.

5. ஆட்கள் எங்கே போனார்கள்?

2021 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கும் விசா கட்டாயம் ஆனது. 70 புள்ளிகள் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 25,600 பவுண்டு சம்பளம் என்பது பொது வரம்பு. 2024 ஏப்ரலில் இந்த வரம்பை 38,700 பவுண்டாக உயர்த்தினார்கள். சுமை தூக்குபவர், பழம் பறிப்பவர், லாரி ஓட்டுபவர் ஆகியோருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

2021 இலையுதிர் காலத்தில் லாரி ஓட்ட ஆளில்லாமல் பெட்ரோல் பங்குகள் வறண்டன. கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. கோவிட் காலத்தில் ஓட்டுநர் தேர்வுகள் நின்றுபோனதும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அக்கரையிலிருந்து ஓட்டுநர்களை உடனே வரவழைக்கும் வழி அடைபட்டிருந்தது. அரசு அவசரமாக 5,000 லாரி ஓட்டுநர்களுக்குத் தற்காலிக விசா அறிவித்தது. சில மாத வேலைக்காக வீட்டை விட்டு வர முன்வந்தவர்கள் மிகக் குறைவு. போனவரைத் திரும்பக் கூப்பிடுவது எவ்வளவு கடினம் என்பது கடை வைத்திருக்கும் நமக்குத் தெரியும். வயல் வேலைக்கு இப்போது கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் போன்ற தொலைதூர நாடுகளிலிருந்து பருவகால விசாவில் ஆட்கள் வருகிறார்கள்.

குடியேற்றத்தைக் குறைக்கத்தானே விலகினார்கள், குறைந்ததா? வந்தவர் தொகையிலிருந்து போனவர் தொகையைக் கழித்தால், வாக்கெடுப்பு சமயத்தில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம். 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் அது 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர் குறைந்தார்கள். இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்களும் மருத்துவ, முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் வந்தார்கள். உக்ரைன், ஹாங்காங் மக்களுக்குத் தனி வழிகளும் இருந்தன. அதன் பிறகு விதிகளை இறுக்கியதில், 2025 ஜூன் வரையிலான ஓராண்டில் சுமார் 2 லட்சமாக இறங்கியது. கூட்டை விட்டதால் மட்டும் தொகை குறையவில்லை. யாருக்கு விசா கொடுப்பது என்ற முடிவே அதை ஏற்றவும் இறக்கவும் செய்தது.

6. ஏற்கெனவே குடியிருந்தவர்கள்

முன்பே வந்து வாழ்ந்த ஐரோப்பியக் குடிமக்கள் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு நிரந்தர உரிமை, குறைவாக வாழ்ந்தவருக்குத் தற்காலிக உரிமை. 35 முதல் 40 லட்சம் பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 60 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. இவர்களில் தமிழர்களும் உண்டு. அகதிகளாகப் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளுக்குச் சென்று, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பின்னர் லண்டன் பக்கம் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல. இரண்டாம் முறை ஊர் மாறி வேரூன்றியவர்கள், மீண்டும் ஒருமுறை தங்கள் இருப்பை நிரூபிக்க வேண்டியதாயிற்று.

அந்த உரிமைக்குக் கையில் காகிதமோ அட்டையோ கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில். வேலை கேட்டாலும் வீடு கேட்டாலும் அதைத் திறந்து காட்ட வேண்டும். முதியவர்களுக்கு இது சிரமம். கடைக்காரருக்கும் பொறுப்பு உண்டு. உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால், 2024 பிப்ரவரி முதல் ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். மறுபடியும் செய்தால் 60,000 வரை. சிறு கடையை மூடிவிடப் போதுமான தொகை இது.

7. நன்மையே இல்லையா?

தராசின் மறு தட்டையும் பார்ப்பதே நமது தொழில் தர்மம். வாக்கெடுப்புக்கு முன் நிதி அமைச்சகம், விலகினால் உடனே மந்தம் வரும், 5 லட்சம் வேலை போகும் என்றது. அப்படி நடக்கவில்லை. தட்டுப்பாடு வந்தபோது லாரி ஓட்டுநர்களின் சம்பளம் உயர்ந்தது. பிற நாடுகளோடு தனியே ஒப்பந்தம் போடும் சுதந்திரமும் பிரிட்டனுக்குக் கிடைத்தது. 2025 ஜூலை 24-ஆம் தேதி இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தம் அப்படி வந்ததுதான். நமது ஏற்றுமதியில் 99 சதவீத இனங்களுக்கு வரி நீக்கம் என்பது திருப்பூர்ப் பின்னலாடைக்கு நல்ல செய்தி.

அதேசமயம், உணவுச் சோதனைத் தொல்லையைக் குறைக்க 2025 மே மாதம் பிரிட்டன் மீண்டும் ஐரோப்பாவோடு பேச உட்கார்ந்ததையும் சேர்த்தே எடை போட வேண்டும். தூரத்துச் சந்தை எவ்வளவு பெரிதானாலும் பக்கத்துச் சந்தைக்கு அது ஈடாகாது.

8. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒன்று: வரி விகிதத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தை எடை போடக் கூடாது. படிவம், சான்று, காத்திருக்கும் நேரம் ஆகியவையும் செலவுதான்.

இரண்டு: விதி மாறும்போது சிறியவரே முதலில் அடிபடுவார். படிவ வேலைக்கும் சான்று வாங்குவதற்கும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொண்டால் செலவு பங்காகும். சங்கம் இருப்பது இதற்குத்தான்.

மூன்று: சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான பில்லையும் சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்கு அதுவே வரி விலக்குச் சீட்டு ஆகலாம்.

நான்கு: ஆட்களை எண்ணிக்கையாகப் பார்க்காதீர்கள். சுமை தூக்குபவரும் வண்டி ஓட்டுபவரும் இல்லாமல் எந்தக் கடையும் திறக்காது. அவர்கள் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர் என்பது மூட்டைக்குத் தெரியாது. நம் மண்டிகளிலும் வெளிமாநிலத் தொழிலாளர் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய முகவரி, அடையாளச் சான்று, சம்பளக் கணக்கு ஆகியவற்றை ஒழுங்காக வைப்பது நமக்கும் பாதுகாப்பு, அவர்களுக்கும் பாதுகாப்பு.

கூட்டில் சேர்வதும் விலகுவதும் அந்தந்த நாட்டு மக்களின் உரிமை. அதில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பிரியுமுன் ஐந்தொகை போட்டுப் பார்க்க வேண்டும், அதில் கடைப் பையனின் பெயரும் இருக்க வேண்டும் என்பதே நமது தொழில் சொல்லும் பாடம்.